மூன்றாம் மாடி எண்பது சதவீதம்

காலை ஆறு மணிக்கு எழுந்தான். பல் துலக்கினான். இரண்டு கோப்பை தேநீர் போட்டான். ஒன்றைக் குடித்தான், மற்றதைத் தொட்டியில் ஊற்றினான். ஏழு மணிக்கு மாமியார் போன் செய்தாள்.

"அன்னிக்கு அவ என்ன சொல்ல வந்திருப்பா, மாப்ள?"

"தெரியலை அத்தை."

நான்கு மாதமாக இதே கேள்வி, இதே பதில். அன்று, வேலையைப் பார்க்கப் போயிருந்த புதுக் கட்டடத்திலிருந்து கிளம்பும் முன் மனைவி போனில் சொன்னது இவ்வளவுதான்: "வீட்டுக்கு வந்து ஒண்ணு சொல்றேன். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது." அவள் ஏறிய பஸ் வந்து சேரவில்லை.

இருவருக்கும் ஒரே கம்பெனி. அவள் கட்டடங்களுக்குப் போய் எவ்வளவு வேலை முடிந்தது என்று பார்த்துப் பதிவு செய்வாள். அவன் நாற்காலியை விட்டு எழாமல் திட்ட மென்பொருளைக் கவனிப்பான். புதுக் கட்டடத்தின் வேலைப் பட்டியலை ஒரே மதியத்தில் போட்டு முடித்தவன்.

அலுவலகத்தில் மேலாளர் கூப்பிட்டார்.

"மூணாவது மாடி எண்பது சதவீதம்னு இருக்கு. யார் பார்த்துச் சொன்னது? தணிக்கைக்காரங்க கேக்கறாங்க. சாயங்காலத்துக்குள்ள ஒரு பேர் வேணும்."

அலுவலகப் பொறியாளரிடம் போனான்.

"நீங்க அனுப்பின அறிக்கையைப் பார்த்துத்தான் தம்பி நான் சொன்னேன்."

அறிக்கை மென்பொருளிலிருந்து வந்தது. மென்பொருளோ, ஒரு மாடிக்கான கட்டம் காலியாக இருந்தால் வாரத்துக்கு ஐந்து சதவீதம் தானே ஏற்றிக்கொள்ளும். அந்த வசதியைச் செய்து கொடுத்ததற்காக அவனுக்குப் பாராட்டுக் கடிதம்கூட வந்திருந்தது.

எண்பதை அழித்துப் பூஜ்யம் போட்டான். மென்பொருள் பதறிப்போய் டைல்ஸ் பதிக்க இருபது பேரை வரச் சொன்னது. பயந்து, மறுபடி எண்பது போட்டான். மகிழ்ந்துபோய் நூறு நாற்காலிகளை லாரியில் ஏற்றச் சொன்னது.

மேலாளர் தலையில் கை வைத்தார்.

"கட்டத்தைக் காலியா விட்டது உன் வீட்டம்மாதானே? மத்த மாடியெல்லாம் நிரப்பியிருக்காங்க, இதை மட்டும் விட்டுட்டாங்க. அவங்க பேரையே எழுதிடு. அவங்களை யார் வந்து கேள்வி கேக்கப் போறா?"

படிவத்தை நீட்டினார். 'தவறுக்குப் பொறுப்பானவர்' என்று ஒரு கட்டம். இந்தக் கம்பெனியில் அவள் பெயர் கடைசியாக ஏறப்போகும் இடம்.

"அவ பார்க்காம விடமாட்டா சார்."

"அப்ப நீயே போய்ப் பாரு."

முதல் தடவையாகக் கட்டடத்துக்குப் போனான். வாசலில் டைல்ஸ்காரர்களும் லாரிக்காரனும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மாடி எங்கேன்னு காட்டுய்யா, இறக்கிட்டுப் போறேன்!"

"நாங்க மட்டும் என்ன, சுத்திப் பார்க்கவா வந்தோம்?"

அவர்களைத் தாண்டிப் படியேறினான். முதல் மாடி. இரண்டாம் மாடி. அடுத்த கதவைத் தள்ளினான்.

வானம். தண்ணீர்த் தொட்டி. கொடியில் ஒரு காக்கிச் சட்டை.

சட்டைக்குச் சொந்தக்காரரான காவலாளி மூச்சிரைக்கப் பின்னாலேயே வந்தார்.

"ஆபீஸ்ல இருந்து போன் பண்ணாங்க. அந்த அம்மா வீட்டுக்காரரா சார் நீங்க? அன்னிக்கு அவங்களும் இப்படித்தான் வந்து நின்னாங்க. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அப்படி ஒரு சிரிப்பு."

"என்ன சொன்னா?"

காவலாளி தயங்கினார்.

"'பழைய கட்டடத்துப் பட்டியலை அப்படியே காப்பியடிச்சு, இல்லாத மாடியைக் கட்டியிருக்காரு என் வீட்டுக்காரரு. ஆபீஸ்ல யாருக்கும் சொல்லிடாதீங்கண்ணே, நானே வீட்டுக்குப் போய்ப் பக்குவமா சொல்லிக்கிறேன்.'"