எல்லா லாரிக்கும் ஒண்ணாம் மேடை

எண்ணூர்ப் பக்கம் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய எழுபதுகளில், அந்த இயந்திரத்தைவிடப் பிடிவாதமான ஒரே ஜீவன் எங்கள் ஸ்லேட்டு சார்தான். தொழிற்சாலையில் புரோகிராம் எழுதும் எங்களுக்கு அவர் தலைவர். ராயபுரத்துக்காரர். அக்குளில் எப்போதும் இரண்டு ஸ்லேட்டு.

வீட்டிலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை கூடத்து ஸ்லேட்டில் 'குழம்பு: வஞ்சிரம்' என்று எழுதிவிட்டு மாதா கோயிலுக்குப் போவார். அவர் மனைவி அடுப்பங்கரையில் தனியாக ஒரு ஸ்லேட்டு மாட்டி, 'குழம்பு: முருங்கைக்காய்' என்று எழுதிக்கொள்வார். சார் வந்து உட்கார்ந்து முருங்கைக்காயைச் சப்புவார்.

"உள்ள அதே பேர்ல ஒண்ணு மாட்டிட்டா, வெளிய கீறது கண்ணுக்கே தெரியாது நைனா. புரோகிராம்லயும் அதான் ரூலு" என்பார் எங்களிடம். வஞ்சிரம் போனதில் அவருக்கு வருத்தமே இல்லை. ரூல் பிழைத்ததே!

நான் வேலைக்குப் புதுசு. நிரந்தரமாக வேண்டுமானால் என் புரோகிராம் ஒன்று உருப்படியாக ஓடவேண்டும். சரக்கேற்ற வரும் லாரிகளுக்கு மேடை ஒதுக்கிச் சீட்டு அச்சடிக்கும் புரோகிராம் அது. மேடைகள் ஆறு. லாரிக்கு லாரி எண்ணை நகர்த்தும் வேலையை மட்டும், பெரிய புரோகிராமுக்குள் உட்கார்ந்த ஒரு குட்டிப் புரோகிராமிடம் விட்டிருந்தேன். சீட்டெல்லாம் வாசல் கேட்டுக்குப் போன காலையில், ஒரு டிரைவர் மாடியேறி வந்தார்.

"இன்னா சார், ஆறு மேடை கீது, எல்லா வண்டியும் ஒண்ணுலயே நின்னுகினு கீது! மத்ததுல நாய் படுத்துகினு கீது!"

"காலி மேடைக்குப் போறதுதானே?"

"வாட்ச்மேன் வுட மாட்றாரு. கம்ப்யூட்டரே சொல்லிட்ச்சாம்."

ஜன்னல் வழியே பார்த்தேன். லாரி வரிசை திருவொற்றியூரை விசாரித்துக்கொண்டு போனது. மாத்தூரில் எனக்கு ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு என்பதும், அங்கே பல வருஷம் ஒளிந்திருக்கலாம் என்பதும் அந்த நொடியில் ஞாபகம் வந்தன.

ஸ்லேட்டு சார் பதறவில்லை. ஆபீஸ் கூடத்து மேஜையில் ஒரு ஸ்லேட்டை வைத்து 'மேடை 1' என்று எழுதினார். இன்னொன்றிலும் அதையே எழுதி என் கையில் திணித்து, பக்கத்து அறைக்குள் தள்ளினார்.

"ஒண்ணு கூட்டு."

இரண்டு ஆக்கினேன்.

"அழிச்சுட்டு வெளிய வா. இங்க இன்னா கீது?"

"ஒண்ணு சார்."

"திரும்ப ஒண்ணு எழுதிக்கினு உள்ள போ."

"சார், லாரி..."

"போ நைனா."

மூன்றாம் தடவை உறைத்தது. குட்டிப் புரோகிராமுக்குள்ளும், ஒரு பாதுகாப்புக்காக, 'மேடை' என்ற பெயரிலேயே இன்னொன்றை வைத்து ஒன்றிலிருந்து தொடங்கியிருந்தேன். லாரிக்கு லாரி அது இரண்டாகி, அங்கேயே செத்தது. வெளியே இருந்த நிஜ மேடை ஒன்றாகவே குந்தியிருந்தது.

சார் என் ஸ்லேட்டைப் பிடுங்கிக்கொண்டார். "இப்ப வெறுங்கையோட உள்ள போய்க் கூட்டு." வேறு வழியில்லாமல், அறைக்குள் நின்றபடியே கையை நீட்டிக் கூடத்து ஸ்லேட்டை இரண்டாக்கினேன்.

"அவ்ளோதான்."

அந்தக் காலத்தில் புரோகிராமின் ஒவ்வொரு வரியும் ஓட்டை போட்ட ஓர் அட்டை. உள்ளே இருந்த மேடையைப் பிறப்பித்த அட்டையைக் கட்டுக்குள்ளிருந்து உருவி எறிந்து, மறுபடி ஓட்டினோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று சீட்டுகள் வந்தன. நான் பிரிண்டரைக் கட்டிக்கொள்ளப் பார்த்தேன்; சூடாக இருந்தது.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். "யார் செஞ்ச வேலை?"

"எழுதினது இவன்" என்றார் சார். என் கால்கள் மாத்தூர்ப் பக்கம் திரும்பின. "சரிபார்க்காம ஓட்டச் சொன்னது நான். ஆள் தேறுவான், நிரந்தரம் பண்ணிக் கையெழுத்து போடுங்க."

மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போட்டார்.

புதுச் சீட்டுகளோடு, டிரைவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளக் கேட்டுக்கு ஓடினேன். சார் எனக்கு முன்பே அங்கே நின்று, ஒவ்வொருவர் திட்டுக்கும் தனித்தனியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"நீ இன்னாத்துக்கு வந்தே? சீட்டைக் குட்த்துட்டு உள்ள போ நைனா, வெய்யிலு கொளுத்துது."

நான் போகவில்லை.