பீரோ அக்காவும் நாலு கம்பியும்

நாகர்கோவிலில் உள்ள இரும்பு பீரோக்களில் எது நன்றாகப் பாடும், எதற்குத் தொண்டை கட்டியிருக்கிறது, எது என்ன தட்டினாலும் வாயே திறக்காது என்று அக்குவேறு ஆணிவேறாகச் சொல்லக்கூடிய ஒரே ஜீவன் இந்தப் பூமியில் எங்கள் பீரோ அக்காதான். நான் அளந்துவிடுகிறேன் என்று நினைப்பவர்கள் எங்கள் லேடீஸ் ஹாஸ்டலின் மாடியில், கடைசி அறையில் ஒரு வாரம் தங்கிப் பார்த்திருக்க வேண்டும். தங்கியிருந்தால் உங்கள் துணிமணியும் கட்டிலுக்கடியில்தான் குடித்தனம் நடத்தியிருக்கும்.

அக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரி அடையாள அட்டையில் மட்டும் அது உயிரோடு இருந்தது. ஹாஸ்டலில் சமையல்கார அம்மாவிலிருந்து வார்டன் மேடம் வரைக்கும் எல்லோருக்கும் அவர் பீரோ அக்கா. சொந்த ஊர் குளச்சல் பக்கம் கடலோரம். நர்ஸ் படிப்பு. மஸ்கட்டில் சில வருடங்கள் வேலை பார்த்து, ஒப்பந்தம் முடிந்து திரும்பி வந்து, நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார். எங்கள் அறைக்கு அவர் மூன்றாவது ஆள். ஏற்கெனவே இருந்த இருவரில் ஒருத்தி நான், ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். இன்னொருத்தி தேங்காப்பட்டணத்து ஷமீமா, மருந்துக்கடையில் வேலை.

வந்த அன்று அக்காவின் தோளில் ஆள் உயரத்துக்கு ஒரு கறுப்புப் பை தொங்கியது. கல்ஃபிலிருந்து வந்தவர் கையில் இத்தனை பெரிய பை என்றால் உள்ளே என்ன இருக்கும் என்று எங்கள் இருவர் மூளையும் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. ஷமீமாவுக்குப் பொறுமை கிடையாது, கேட்டேவிட்டாள். அக்கா, "நாலு கம்பி மக்கா" என்றார். பையைத் திறந்தால் ஒரு பேஸ் கிட்டார். மஸ்கட்டில் கூடத் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ் நர்ஸ் ஒருத்தி ஊருக்குப் போகும்போது இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனதாம். எந்தக் கம்பி எந்தச் சுரம் என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். மீதியெல்லாம் அக்காவின் சொந்த முயற்சி.

பேஸ் கிட்டாரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பாட்டின் அடியில், தரையோடு தரையாகத் தூம் தூம் என்று நடந்துபோகும் சத்தம் இருக்கிறதே, அதுதான் இது. ஆனால் ஸ்பீக்கர் பாக்ஸோடு இணைக்காவிட்டால் பேஸ் கிட்டாரும் விறகுக் கட்டையும் ஒன்று. எங்கள் ஹாஸ்டலில் பாக்ஸ் வைக்கிற பேச்சுக்கே இடமில்லை. வார்டன் மேடம் முதல் நாளே வாசலில் நின்று, சத்தம் கேட்டால் சாமானோடு வெளியே என்று சொல்லியிருந்தார். அவர் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியை. விசில் மட்டும்தான் கழுத்தில் இல்லை.

அதனால் அக்கா கிட்டாரின் விளிம்பில் தாடையை அழுத்தி வைத்து, எலும்பு வழியாகக் கேட்டுப் பழகினார். பார்ப்பதற்குப் பல்வலிக்காரி கட்டையைக் கட்டிப்பிடித்து அழுவதுபோல் இருக்கும். பாட்டுகளைக் கற்றுக்கொண்டது போனில். அந்தப் போனின் ஸ்பீக்கரிலோ பேஸ் என்று ஒன்று காதில் விழவே விழாது. கேட்டதற்கு, "பாட்டு கேக்குது இல்லியா, அதுக்க அடியில என்ன நிக்கணுமோ அத நானே போட்டுக்கிடுவேன்" என்று சாதாரணமாகச் சொன்னார்.

அறையிலிருந்த பீரோ இந்தக் கதைக்குள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ஷமீமா சாப்பிட்டுவிட்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா கட்டிலில் உட்கார்ந்து திரும்பியதில் கிட்டாரின் தலை பீரோக் கதவில் முட்டியது. விரல் கம்பியில் இருந்தது. அறை முழுக்கத் தூமென்று ஒரு சத்தம், காலுக்கடியில் தரை அதிர்ந்தது. ஷமீமா எழுந்து, தலையணையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கே ஓடிவிட்டாள். சுனாமிபோல் கடல் ஏறி வந்துவிட்டது என்று நினைத்தாளாம். அக்கா ஓடவில்லை. பீரோவைப் பார்த்து அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. தான் வாசிப்பதை அவர் வெளியே கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்றோடு எங்கள் சுகவாழ்வு முடிந்தது. பீரோவுக்குள் சாமான் இருந்தால் சத்தம் அடைக்கிறது என்று கண்டுபிடித்தார் அக்கா. முதலில் ஷமீமாவின் பிஸ்கட் டின் வெளியேற்றப்பட்டது. அப்புறம் வளையல் பெட்டி. அப்புறம் எங்கள் சுடிதார்கள் மூட்டை மூட்டையாகக் கட்டிலுக்கடியில் போயின. பெண் பார்க்க வருகிறவர்களுக்காக என் அம்மா எடுத்துக் கொடுத்த பட்டுச்சேலை மட்டும் தப்பியது. நான் அதை எடுக்கப் போனபோது அக்கா பதறிப்போனார். "ஏட்டி, அது கெடக்கட்டும். அது கெடந்தாத்தான் சத்தம் உருண்டையா வருது." மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தடவை வந்துபோனார்கள். இரண்டு தடவையும் பருத்திச்சேலையில் நின்றேன்.

மற்ற அறைகளின் பீரோக்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. தட்டிப்பார்ப்பார், காதை வைத்துக் கேட்பார். ஒருமுறை கோட்டாறில் ஒரு ஃபர்னிச்சர் கடைக்கு எங்களையும் இழுத்துப்போய், ஒவ்வொரு பீரோவிலும் கிட்டாரைச் சாய்த்து வாசித்துப் பார்த்தார். கல்யாணத்துக்குச் சாமான் எடுக்க வந்திருக்கிறோம் என்று நினைத்துக் கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். கடைசியில் எது வேண்டும் என்று கேட்டதற்கு அக்கா, எல்லாம் நல்ல பீரோதான், ஆனால் எங்கள் ரூம் பீரோவுக்கு இருக்கிற குரல் ஒன்றுக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தத் தெரு வழியாக நடக்கிற துணிச்சல் எனக்கு அப்புறம் வரவில்லை.

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பீரோவிடம் ஒரு குறை இருந்தது. ஒரு குறிப்பிட்ட சுரத்தை வாசித்தால் மட்டும் அதன் கைப்பிடி கடகடவென்று ஆடும். அந்தக் கடகட கீழே வார்டன் மேடம் அறை வரை கேட்கும். கேட்டால் அவர் மாடியேறி வருவார். துணி செருகிப் பார்த்தோம், ரப்பர் பேண்ட் சுற்றிப் பார்த்தோம், நிற்கவில்லை. அக்கா ஒரு முடிவுக்கு வந்தார். அந்தச் சுரத்தை வாசிப்பதில்லை. பாட்டில் அது வருகிற இடத்தில் விரலைத் தூக்கிவிடுவார். ஒன்றும் இருக்காது. பிறகு கீழேயிருந்து வழுக்கிக்கொண்டு, ஒரு நூலிழை பிந்தி, அடுத்த சுரத்தில் வந்து உட்காருவார்.

முதலில் அது வெறும் தப்பிப்புதான். மாதங்கள் போகப்போக அதுவே அவர் நடையாகிவிட்டது. மாடிப்படியில் ஒரு படியைத் தாண்டி இறங்குகிறவர் கால் சரியாகத் தரையில் பதிகிற மாதிரி. அந்தச் சுரம் இல்லாத இடத்தில்தான் அந்தச் சுரம் அதிகமாகக் கேட்டது. எனக்குச் சங்கீத ஞானம் சுத்தமாகக் கிடையாது, ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் எனக்கு மூச்சு நின்று திரும்பி வரும்.

ஒரு மழைச் சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. ஹாஸ்டலே வராந்தாவில் வந்து நின்றது. அக்கா அறைக்குள் பீரோவோடு வாசித்துக்கொண்டிருந்தார். ஒருத்தி பாட்டை முணுமுணுக்க, இன்னொருத்தி சேர்ந்துகொள்ள, அந்த வெற்றிடம் வந்தபோது அத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போல் நிறுத்தினார்கள். மாடிப்படியில் வார்டன் மேடம் நின்றுகொண்டிருந்தார். பாட்டு முடிகிறவரை நின்றுவிட்டு, சாப்பாடு ஆறுகிறது என்று மட்டும் சொல்லி இறங்கிப்போனார். ஒருவர் ஒரு பீரோவையும் நாலு கம்பியையும் வைத்துக்கொண்டு வார்டனை வாயடைக்க வைத்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இதற்குமேல் எனக்கு என்ன அதிசயம் வேண்டும்.

இப்படி இருக்கையில்தான் அக்காவுக்கு மஸ்கட்டில் வேறொரு ஆஸ்பத்திரியில் வேலை அமைந்தது. அக்காவின் அண்ணன் நாலு இடத்தில் அலைந்து ஏற்பாடு செய்திருந்தார். கடலுக்குப் போகிற மனுஷன், தங்கைமேல் உயிர். திங்கட்கிழமைக்குள் ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டும். அதே வாரத்தில் டவுனில் ஒரு இன்னிசைக் குழுவின் பேஸ் வாசிப்பவர் கல்ஃபுக்குப் பறந்துவிட, ஆள் தேடுகிறார்கள் என்று ஷமீமா செய்தி கொண்டுவந்தாள். அன்று இரவு அக்கா கிட்டாரைத் துடைத்துப் பையில் போட்டு மூடினார். பிறகு எங்கள் இருவரிடமும் சொன்னார்.

"நான் வாசிக்கியது யாரு காதிலயாவது விழணும் மக்கா. எனக்க மாதிரி வாசிக்க ஒரு எடம் கிட்டுச்சுன்னா அண்ணன்ட்ட வரல்லன்னு சொல்லிருவேன். கிட்டல்லன்னா போறேன். பீரோக்கிட்ட வாசிக்கியதுக்கு நான் இங்க எதுக்கு?"

மூன்று பேருமாகப் போனோம். ஒத்திகை நடந்தது ஒரு கடைக்கு மேல் மாடியில். குழுவின் மாஸ்டர் கீபோர்டு வாசிப்பவர், வழுக்கைத் தலை, ஒலிப்பதிவில் உள்ளது ஒன்று பிசகினாலும் முகம் சுருங்கிவிடும் ரகம். அக்கா உள்ளே நுழைந்ததும் கண்ணால் பீரோ தேடினார். பீரோ இல்லை. கோப்பைகள் அடுக்கிய இரும்பு அலமாரி இருந்தது. பழக்கதோஷத்தில் கிட்டாரின் தலையை அதில் சாய்த்து ஒரு தட்டுத் தட்டினார். குழு வாங்கிய பரிசுக்கோப்பைகள் எல்லாம் வரிசையாகக் கீழே இறங்கின. மாஸ்டர் கேபிளை எடுத்து நீட்டினார்.

பாட்டு தொடங்கியது. பாக்ஸில் அக்காவின் சத்தம் வந்ததும் டிரம்ஸ்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார், பாடுகிற பெண் திரும்பிப் பார்த்தாள். நான் ஷமீமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த இடம் வந்தது. விரல் மேலே எழுந்தது. மாஸ்டர் கையை உயர்த்தி நிறுத்திவிட்டார்.

"அங்க ஒரு நோட்டு விட்டுப்போச்சு சிஸ்டர்."

"விடல்ல. அங்க ஒண்ணும் இல்ல" என்றார் அக்கா.

ஒலிப்பதிவில் இருக்கிறதே என்று மாஸ்டர் போனை எடுத்து, நல்ல ஹெட்போனில் போட்டுக் காட்டினார். அக்கா அதுவரை கேட்டேயிராத உண்மையான பேஸைக் கண்ணை மூடிக் கேட்டார். கழற்றி வைத்துவிட்டு, ஒரு சுரம் பிசகாமல் அதை அப்படியே வாசித்தார். இங்கே பீரோவும் இல்லை, கைப்பிடியும் இல்லை, அந்தச் சுரம் மணிபோல் விழுந்தது. மாஸ்டர் முகம் மலர்ந்து, இதுதான் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கோயில் திருவிழா மேடைக்கு வந்துவிடுங்கள் என்றார். அக்கா கேபிளைக் கழற்றிச் சுருட்டி அவர் கையில் கொடுத்தார்.

"இது நல்லாத்தான் இருக்கு. ஆனா இத வாசிக்க ஒங்களுக்கு ஆளு கிட்டும். நான் வேண்டாம்."

படியிறங்கும்போதே அண்ணனுக்குப் போன் போட்டு, பாஸ்போர்ட்டை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். அன்றிரவு ஷமீமா, சொன்னபடி வாசித்தால் என்ன குறைந்துபோகும் என்று சண்டைக்கே போனாள். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் கோபம்தான். இத்தனை பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. அதே சமயம் அந்த மனுஷியின் காலில் விழலாம் போலவும் இருந்தது.

மூன்றாம் நாள் காலை வார்டன் மேடம் மேலே வந்து, ஒரு ஆண் கீழே வந்து நிற்கிறார் என்றார். மாஸ்டர். பார்வையாளர் அறை நாற்காலி நுனியில், தூக்கம் கெட்ட முகத்தோடு உட்கார்ந்திருந்தார். வேறொரு பேஸ்காரனை வைத்து ஒத்திகை பார்த்தாராம். அவன் அந்தச் சுரத்தைச் சரியாகத்தான் வாசிக்கிறானாம். ஆனால் டிரம்ஸ்காரர் அங்கே வந்ததும் கையை நிறுத்திவிடுகிறார், பாடுகிற பெண் நிற்கிறாள். எத்தனை தடவை சொன்னாலும் கேட்கவில்லை.

"அவங்கள விடுங்க சிஸ்டர், எனக்கே இப்ப அந்த நோட்டு வந்தா தப்பா கேக்குது. வந்து ஒங்க இஷ்டம்போல வாசிங்க. நீங்க வரலேன்னா இந்தப் பாட்டே எங்களுக்கு ஒப்பேறாது" என்றார்.

அக்கா அண்ணனிடம் ஹாஸ்டலுக்கு வர வேண்டாம், திருவிழாவுக்கு வா, பாஸ்போர்ட்டை அங்கே தருகிறேன் என்று சொல்லிவிட்டார். வரவில்லை என்று போனில் சொல்ல மனம் வரவில்லை, வாசிப்பதை ஒரு தடவை கேட்டுவிட்டு அண்ணனே முடிவு செய்யட்டும் என்றார் எங்களிடம். கோயில் அவர் ஊருக்கு அடுத்த ஊர்தான், கடலோரத்தில். நானும் ஷமீமாவும் முன்வரிசையில் இடம் பிடித்தோம். அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், ஷமீமா அவரிடம் பீரோக் கதை முழுவதையும் ஒப்பித்தாள். வெயிலில் காய்ந்த கறுத்த முகம், வெள்ளை வேட்டி. தங்கை ஏதோ பொழுதுபோக்குக்குத் தட்டிக்கொண்டிருக்கிறாள் என்றுதான் அவர் அதுவரை நினைத்திருந்தார். வீட்டில் யாரும் ஒரு தடவைகூட அக்கா வாசித்துக் கேட்டதில்லை.

மேடையில் அக்கா கிட்டாரைச் சாய்க்க எதையும் தேடவில்லை. நடுவில் தனியாக நின்றார். பாட்டு போனது. அந்த இடம் வந்ததும் மேடையில் ஐந்து பேரும் ஒன்றாக நிறுத்த, மைதானம் முழுக்க வாயை மூடிக்கொண்டது. கடல் இரைவது கேட்டது. பிறகு கீழேயிருந்து அக்காவின் சுரம் வழுக்கி ஏறி வந்து உட்கார்ந்தது. கூட்டத்திலிருந்து எழுந்த சத்தத்தில் நான் அழுததை யாரும் கவனிக்கவில்லை. அண்ணன் கை தட்டவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தே இருந்தார்.

நிகழ்ச்சி முடிந்து மேடைக்குப் பின்னால் போனோம். அக்கா கைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார். அண்ணன் வாங்கவில்லை. தங்கையின் விரல் நுனிகளில் காய்த்திருந்த தழும்புகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இத்தன நாளும் இதையா ஒரு பீரோவுக்க முன்னால வாசிச்சிட்டு கெடந்த?" என்றார். "வச்சுக்க பிள்ளே. ஏஜெண்ட்ட நான் சொல்லிக்கிடுகேன்."

திரும்பும் பஸ்ஸில் அக்கா ஏறி உட்கார்ந்ததுமே என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். தோள் மரத்துப்போனது, கை மரத்துப்போனது. நாகர்கோவில் வந்து சேரும்வரை நான் அசையவே இல்லை.