தொடாத மோட்டார்

“சர்வீஸ் புக் எங்கீங்க மாமா?” என்று நிதா கேட்டபோது ஞானசம்பந்தம் படகு மோட்டாரை மொபெட்டின் பின்னால் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். காதில் விழாதவர் போலக் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

“எந்த புக்கு கண்ணு?”

“மோட்டார் புக்குங்க. நூறு மணி நேரத்துக்கு ஒருக்கா, இல்லீன்னா ஆறு மாசத்துக்கு ஒருக்கா சர்வீஸ் பண்ணோணும்னு போட்டிருக்குது. எப்பெப்பப் பண்ணுனீங்கன்னு எழுதி வெச்சிருப்பீங்கல்ல?”

ஞானசம்பந்தம் சிரித்தார். அறுபத்துமூன்று வயதில் அவருக்கு இருந்த பெருமைகளிலேயே பெரியது அந்த மோட்டார்தான். வேலம்பாளையத்துக் குளத்தை ஆகாயத்தாமரை மூடிக் கிடந்த காலத்தில், ஒரு எக்ஸ்போர்ட் முதலாளி குளம் காக்கும் குழுவுக்கு ஒரு ஃபைபர் படகையும் அந்த மோட்டாரையும் வாங்கிக் கொடுத்தார். முப்பத்தொரு வருஷம் நிட்டிங் மெஷின் ஃபிட்டராக இருந்தவர் என்பதால் மோட்டார் ஞானசம்பந்தத்தின் பொறுப்புக்கு வந்தது. ஆறு வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர்தான் படகை ஓட்டுகிறார். மற்ற ஆறு நாளும் மோட்டார் அவர் வீட்டு ஸ்டோர் ரூமில் இருக்கும். ஒரு நாள் கூட அது நின்றதில்லை. ஒரு நாள் கூட அவர் அதைச் சர்வீஸுக்கு விட்டதுமில்லை.

“ஓடற மெஷினைத் தொடப்படாது கண்ணு. தொட்டம்னு வெய்யி, அதுக்கு நம்மளோட தயவு வேணும்னு அதுக்கே தெரிஞ்சு போயிரும்” என்றார்.

நிதா பக்கத்து வீட்டுக் கைருதீனின் மகள். ஒரு பனியன் கம்பெனியில் ஆடிட் வேலை பார்க்கிறவள். அந்த மாதம்தான் குழுவுக்குச் செயலாளராகியிருந்தாள். எழுதி வைக்காத வேலை நடக்காத வேலை என்பது அவளுடைய சித்தாந்தம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாநகராட்சி அதிகாரியம்மா குளத்தைப் பார்க்க வருகிறார் என்றும், பராமரிப்பு சரியில்லை என்றால் குளத்தைக் கான்ட்ராக்டில் விட்டுவிடுவார்கள் என்றும், சர்வீஸ் புத்தகம் இல்லாமல் அன்றைக்கு மோட்டாரைத் தண்ணீரில் இறக்க முடியாது என்றும் பணிவாகச் சொல்லிவிட்டுப் போனாள். வேண்டுமானால் குழுவில் இருக்கும் வேல்குமார் துடுப்புப் போடட்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டாள்.

அந்தக் கடைசி வார்த்தைதான் ஞானசம்பந்தத்தைக் குத்தியது. வேல்குமாருக்கு சைக்கிளே நேராக ஓட்ட வராது.

அன்று மாலையே ஒரு நோட்டு வாங்கி, உட்கார்ந்த இடத்தில் ஆறு வருஷத்துச் சர்வீஸையும் எழுதி முடித்தார். பன்னிரண்டு சர்வீஸ். தேதி, ஆயில் மாற்றியது, பிளக் துடைத்தது எல்லாம் இருந்தன. ஒன்றிரண்டு இடத்தில் அடித்துத் திருத்தக்கூடச் செய்தார், நம்பிக்கையாக இருக்கட்டும் என்று.

நிதா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். பிறகு நோட்டை மூடி அட்டையைப் பார்த்தாள். அட்டையில் இந்த வருஷத்துக் காலண்டர் அச்சிட்டிருந்தது.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஞானசம்பந்தம் சமாளித்திருப்பார். அவள் நோட்டை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

“புக்கு பொய்யாவே இருக்கட்டும் கண்ணு. மோட்டாரு பொய் சொல்லாது” என்று அப்போதே வாசலில் சாக்கை விரித்து மோட்டாரைக் கழற்றினார். ஆறு வருஷத்தில் அவர் அதைத் திறந்தது அதுதான் முதல் தடவை. கைருதீனும் அவர் மனைவி குல்சார் பேகமும் மதில் மேலாக எட்டிப் பார்த்தார்கள்.

ஸ்பார்க் பிளக் பளபளவென்று வந்தது. ஆயில் தேன் மாதிரி இறங்கியது. எங்கும் ஒரு பொட்டுத் துரு இல்லை. நிதா குனிந்து பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள். ஆறு வருஷத்து ஆயில் இப்படி இருக்காதே என்றாள்.

“அதைத்தான் நானும் சொல்றேன். தொடாம உட்டா இப்படித்தான் இருக்கும்” என்றார் ஞானசம்பந்தம், வந்து நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி. காப்பி கொண்டு வந்த மனைவி ஜானகியம்மாள் மட்டும் மோட்டார் பக்கம் திரும்பாமல் டம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நிதாவுக்கு வேறு வழியில்லை. சரி மாமா, ஆனால் திறந்தது திறந்தாயிற்று, மூடினதும் ஒரு தடவை தண்ணீரில் வைத்து ஓட்டிப் பார்த்துவிடுங்கள் என்றாள். நியாயமான பேச்சு. அதில்தான் வினை வந்தது.

மோட்டாரை நிற்க வைத்து ஓட்ட ஒரு டிரம் வேண்டும். கைருதீன் வீட்டு மதில் ஓரம் நீல நிற பிளாஸ்டிக் டிரம் ஒன்று நின்றது. சாயப் பட்டறையிலிருந்து பழையதாக வந்தது. ஞானசம்பந்தம் அதைத் தன் வாசலுக்கு உருட்டி வந்து நிரப்பி மோட்டாரை மாட்டிக் கயிற்றை இழுத்தார். முதல் இழுப்பிலேயே மோட்டார் உறுமியது. டிரம்மின் அடியில் எத்தனையோ மாதமாக ஒட்டிக் கிடந்த சாயப் பொடியை அதன் விசிறி கலக்கிவிட்டது. சூட்டைத் தணிக்க மோட்டார் தண்ணீரை உறிஞ்சிப் பக்கவாட்டில் பீய்ச்சுமே, அந்தப் பீய்ச்சல் நல்ல ரோஸ் நிறத்தில் வளைந்து, மதிலைத் தாண்டி, கைருதீன் கம்பெனிகளுக்காகக் கறை நீக்கி அலசிக் காயப்போட்டிருந்த குழந்தை பனியன்கள் மேல் விழுந்தது.

ஞானசம்பந்தம் பதறவில்லை. பாதி பனியன் ரோஸ், பாதி வெள்ளை என்றால்தானே தப்பு, எல்லாமே ரோஸ் என்றால் அது டிசைன் என்று மீதியையும் அவரே டிரம்மில் முக்கி எடுத்தார். காய்ந்த பிறகு பார்த்தால் ஒன்றுக்கொன்று நிறம் சேரவில்லை. சாயம் எல்லாம் தனக்குத் தெரியாத தொழில் என்று அப்போதும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வெயில் சரியில்லை என்றார்.

கைருதீன் ஒரு பனியனைத் தூக்கிப் பார்த்தார். “பரவாயில்லீங்கண்ணா. அடுத்த வாட்டி மோட்டார் ஓட்டறப்ப ஒரு வார்த்தை சொல்லீருங்க, துணியை எடுத்துக்கறனுங்க” என்றார்.

மோட்டார் நல்ல தண்ணீரில் ஓடியபோதும் ரோஸாகவே பீய்ச்சியது. ஞானசம்பந்தத்துக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. திருப்பூரில் ஒரு குளத்தில், அதுவும் அதிகாரி முன்னால், சாயத் தண்ணீர் விழுந்தால் பிறகு யாரும் விளக்கம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். உள்ளே இருக்கும் சின்னப் பம்ப்பைக் கழற்றிக் கழுவியே ஆக வேண்டும். கழற்றினார். சோப்புப் போட்டுக் கழுவினார். திரும்ப மாட்டி முடித்தபோது சாக்கின் மேல் அரைநிலா வடிவத்தில், பருப்பைவிடச் சிறிய ஒரு இரும்புத் துண்டு மிச்சம் கிடந்தது.

அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். கம்பெனிக்காரன் கைத்தவறுதலாக ஒன்று கூடுதலாகப் போட்டிருப்பான் என்று முடிவு செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை கரை முழுக்கக் கூட்டம். அதிகாரியம்மா லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு படகில் ஏறினார். நிதாவும் ஏறினாள். ஞானசம்பந்தம் கயிற்றை இழுத்தார். மோட்டார் பிடித்தது. நடுக்குளம் வரை ராஜா மாதிரி போனார். பீய்ச்ச வேண்டிய தண்ணீர் ரோஸாகவும் வரவில்லை, வெள்ளையாகவும் வரவில்லை, வரவே இல்லை என்பதை நிதாதான் முதலில் கவனித்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் மோட்டாரிலிருந்து புகை எழும்பியது. இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது.

“நின்னுடுச்சா?” என்று அதிகாரியம்மா கேட்டார்.

“இல்லீங்க. இளைப்பாறுது” என்றார் ஞானசம்பந்தம்.

அரை மணி நேரம் இளைப்பாறியது. கடைசியில் கரையிலிருந்து வேல்குமார் ஒரு பரிசலில் வந்து, இரண்டு முறை வட்டமடித்து, மூன்றாவது முறை கயிறு வீசி இழுத்துப் போனான். ஞானசம்பந்தம் படகின் பின்னால் நிமிர்ந்து நின்றபடியே வந்தார். அப்போதும் சுக்கானிலிருந்து கையை எடுக்கவில்லை.

மோட்டார் ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க முடியும், கொஞ்ச நேரம் இருக்கிறேன் என்று அதிகாரியம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். படகு மோட்டார் தெரிந்த மெக்கானிக் யாராவது உண்டா என்று நிதா கூட்டத்தைக் கேட்டாள். திருப்பூரில் ஏது கடல், ஏது படகு மெக்கானிக்? எல்லாரும் முழித்தார்கள். ஜானகியம்மாள்தான் பல்லடத்தில் ஒருத்தர் இருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்று ஒரு நம்பரைக் கொடுத்தாள். கொடுத்த கையோடு அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

முக்கால் மணி நேரத்தில் பைக்கில் வந்து இறங்கினார் மெக்கானிக் சந்தனம். தூத்துக்குடிக்காரர். அங்கே படகு வேலை பார்த்துவிட்டு, இப்போது பல்லடத்தில் பம்ப்செட் ரிப்பேர் செய்கிறவர். மோட்டாரைத் திறந்ததுமே நிமிர்ந்து, இதை யார் பிரித்தது என்று கேட்டார்.

“கம்பெனிலயே அப்படித்தான் வந்துச்சுங்க” என்றார் ஞானசம்பந்தம்.

சந்தனம் அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். தன் பெட்டியிலிருந்து அரைநிலாத் துண்டு ஒன்றை எடுத்து மாட்டினார், பம்ப்புக்குப் புது ரப்பர் போட்டார், மூடினார், இழுத்தார். மோட்டார் பழைய குரலில் பாடியது. தண்ணீர் வெள்ளி மாதிரி வளைந்து விழுந்தது. கரையில் கைதட்டினார்கள்.

அதிகாரியம்மா எழுந்து வந்து, இதற்கு எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை சர்வீஸ் செய்கிறீர்கள் என்று கேட்டார். நிதா தலையைக் குனிந்துகொண்டாள். ஞானசம்பந்தம் குனியவில்லை. இத்தனை நாள் காத்திருந்த கேள்வி அது.

“சர்வீஸே பண்றதில்லீங்க. ஆறு வருஷத்துல இன்னைக்கொரு நாள் மூச்சு வாங்குச்சு, அவ்வளவுதான். மெஷினை நம்போணுமுங்க. அதைத்தான் இந்தக் காலத்துல ஆரும் பண்றதில்லை.”

அதிகாரியம்மா வியந்துபோனார். குளம் குழுவிடமே இருக்கட்டும் என்றார். அதோடு நிற்காமல், மற்றக் குளங்களின் படகுகளுக்கும் சர்வீஸ் தேவைதானா என்று யோசிக்க வேண்டும் என்று உதவியாளரைக் குறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். ஞானசம்பந்தம் நிதாவைப் பார்த்தார். எழுதிக்கோ கண்ணு என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

கூட்டம் கலைந்தது. சந்தனம் கையைத் துடைத்துக்கொண்டே அவர் பக்கத்தில் வந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அய்யா, அதிகாரி முன்னால வேண்டாம்னுதான் பேசாம நின்னேன். ஆறு மாசத்துக்கு ஒருக்க, ஆறு வருசமா இத சர்வீஸ் பண்ணுதது நாந்தான். ஜானகியம்மா போன் போட்டு வரச் சொல்லுவாவ. அவிய வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியக் கூடாதாம், நீங்க அவரக் கண்டா சொல்லிராதிய.”