ஜீப்புக்கு ஏற்றிய குளுக்கோஸ்

பேய்க்கோபுரத் தெரு முனையில் தருமனின் ஜீப் மூன்றாவது முறையாக நின்றபோது, பின்னால் இருந்த ஒன்பது பேரும் சொல்லாமலே இறங்கிவிட்டார்கள். பழகிப்போயிருந்தது.

"ஒரே ஒரு தள்ளு. புடிச்சிக்கும்," என்றார் தருமன்.

"அடி அண்ணாமலையிலேர்ந்து தள்ளிக்கினுதான் வர்றோம். நடந்து வந்திருந்தா இந்நேரம் சந்தையை முடிச்சிட்டு வீட்டுல சாப்ட்டுக்கினு இருப்போம்," என்றார் நிலக்கடலை மூட்டைக்காரர். "இதுல சவாரிக் காசு வேற!"

தள்ளினார்கள். ஜீப் ரெண்டு தரம் இருமி, கொஞ்ச தூரம் ஓடி, மெக்கானிக் சக்கரவர்த்தியின் பட்டறை வாசலில் கச்சிதமாக உயிரை விட்டது. வேறு வாசலில் விடவில்லையே, அந்த மட்டும் அதற்குப் புத்தி இருந்தது.

சக்கரவர்த்தி பானெட்டைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"பெட்ரோல் பம்பு போயிடுச்சுண்ணா. டேங்க்குல பெட்ரோல் கெடக்குது, இஞ்சினுக்கு ஏற மாட்டேங்குது. கீழேர்ந்து இழுத்து மேல அனுப்பற ஆளே காலி."

"வேற ஒண்ணு போடுடா."

"எங்கேர்ந்துண்ணா போடறது? இது வெள்ளைக்காரன் சண்டைக்கு எறக்கின வண்டி. சண்டை முடிஞ்சே முப்பத்தி நாலு வருஷம் ஆவுது."

மிலிட்டரி ஏலத்தில் எடுத்த வண்டி அது. பன்னிரண்டு வருஷமாகத் தருமனுக்குச் சோறு போட்டது. மாட்டுவண்டியே யோசிக்கிற காட்டுவழியில் அது பாட்டுக்கு ஏறி இறங்கும். இப்போது அந்தக் காட்டுவழிதான் பிரச்சினை. தருமனின் ஒரே மகள் வேதாவைக் கட்டிக்கொடுத்த ஊர் பரமனந்தலையும் தாண்டி, பஸ் எட்டிப் பார்க்காத இடத்தில் இருந்தது. வேதாவுக்கு ஆறு மாசம். ஆனி பத்தாம் தேதி வளைகாப்பு. சம்பந்தியம்மா திரௌபதி போன வாரமே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"உங்க ஜீப்பு வந்தா பொண்ணை அனுப்பறேன். வயித்துப்புள்ளக்காரியைக் கட்டைவண்டியில குலுக்கி அனுப்ப மாட்டேன். வண்டி இல்லன்னா சொல்லிடுங்க, பிரசவத்தை நாங்களே பாத்துக்கறோம்."

தலைப்பிரசவம் மாமியார் வீட்டிலா! அதைக் கேட்டு கஸ்தூரி ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கஸ்தூரி தருமனின் மனைவி. ஜீப்பை அவள் "உங்க மூத்தவ" என்றுதான் சொல்வாள். சொல்லமாட்டாளா பின்னே? பன்னிரண்டு வருஷத்தில் அவள் அதில் ஏறியது நாலே தரம். நாலு தரமும் பின்னால், மூட்டையோடு மூட்டையாக. ஏனென்றால், வீட்டு ஆள் முன்சீட்டில் உட்கார்ந்தால் அப்புறம் சவாரியே வராது என்று எவனோ ஒரு டிரைவர் தருமனுக்குச் சொல்லிவைத்திருந்தான். தருமன் சாமியைக்கூடச் சில நாள் மறப்பார், அதை மறக்கமாட்டார்.

சக்கரவர்த்தி முதலில் பம்பைப் பிரித்து, உள்ளே கிழிந்திருந்த சவ்வுக்குப் பதிலாகச் செருப்புத்தோலை வட்டமாக வெட்டிப் போட்டான். ஜீப் ஜோராகக் கிளம்பித் திருவூடல் தெருவின் நட்டநடுவில் போய் நின்றது. தோல் பெட்ரோலில் ஊறி அப்பளமாக உப்பியிருந்தது.

அடுத்து, "பாத்தா அச்சா இதே மாதிரி இருக்குண்ணா," என்று ஒரு கார் பம்பைக் கொண்டுவந்து மாட்டினான். அச்சா அதே மாதிரிதான் இருந்தது, உள்ளே இருந்த கைமட்டும் அரை விரல் கூடுதல் நீளம். அரை விரல்தானே என்று ஸ்டார்ட் செய்தார்கள். டக் டக் என்றது, டமால் என்றது. கை ஒடிந்து இஞ்சினுக்குள் விழுந்து, அதை எடுக்க இஞ்சினையே பாதி பிரிக்கவேண்டியதாயிற்று. ஒரு பம்பு கெட்டுப்போன வண்டி இப்போது பாதி இஞ்சினாகக் கோணிமேல் பரப்பிக் கிடந்தது.

"செங்கம் ரோட்டுல சடையன்கிட்ட கேட்டுப் பாருங்கண்ணா," என்றான் சக்கரவர்த்தி, முகத்தைப் பார்க்காமல்.

கிரிவலப் பாதை பிரிகிற இடத்தில் சடையன் பழைய வண்டிச் சாமான் கடை வைத்திருந்தான். நல்ல மனுஷன். "மெட்ராஸ் லாரிக்காரன்கிட்ட சொல்லி வைக்கறேண்ணா. கெடைச்சா நானே வீட்டாண்ட கொண்டாந்து குடுக்கறேன்," என்றான்.

ஆனால் அதுவரை வண்டி சும்மா நிற்கமுடியுமா? இஞ்சினைப் பூட்டி முடித்த சக்கரவர்த்திக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பெரியாஸ்பத்திரி கம்பவுண்டரிடம் கெஞ்சி ஒரு காலி குளுக்கோஸ் பாட்டிலும் டியூபும் வாங்கி வந்தான். பாட்டிலில் பெட்ரோலை ஊற்றி, கண்ணாடிச் சட்டத்தில் தலைகீழாகக் கட்டி, டியூபை இஞ்சினுக்குச் சொருகினான்.

"பம்பே வேணாம்ணா. மேலேர்ந்து கீழ தானா எறங்கும்."

இறங்கியது! ஜீப் ஓடியது! ஊரே வேடிக்கை பார்த்தது. முதல் பள்ளத்தில் பாட்டில் சட்டத்தில் மோதி உடைந்து பானெட் பூராவும் பெட்ரோல் ஓடியது. பீடி பிடித்துக்கொண்டிருந்த ஆள் குதித்த குதியில் வேட்டி ஜீப்பிலேயே தங்கிவிட்டது.

ஆக, கம்பவுண்டரிடம் வாங்கிய அடுத்த பாட்டிலைக் கட்டக்கூடாது, ஆள்தான் கையில் பிடிக்கவேண்டும். மேட்டில் உயர்த்தவேண்டும், இறக்கத்தில் தாழ்த்தவேண்டும். இந்த வேலைக்கு யார் வருவார்கள்? பெட்ரோலைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு உட்கார யாருக்கு என்ன தலையெழுத்து?

"நான் புடிக்கறேன்," என்றாள் கஸ்தூரி.

தருமன் திடுக்கிட்டார். "முன்சீட்டுல இல்ல உக்காரணும்?"

"பின்னாடி உக்காந்து புடிக்கறதுக்கு என் கை இன்னா பனமரமா?"

"வீட்டு ஆளு முன்சீட்டுல உக்காந்தா சவாரி..."

"அப்போ ஒண்ணு பண்ணுங்க. வண்டியை வாசல்லயே வுடுங்க. தெனம் சாணி தெளிச்சு அதைச் சுத்திக் கோலம் போடறேன்."

மறுநாள் காலையில் கஸ்தூரி தலைக்குக் குளித்து, தீபாவளிச் சேலை கட்டி, கனகாம்பரம் வைத்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பாட்டிலைத் தூக்கிப் பிடித்தாள். தருமன் அண்ணாமலையாரைக் கும்பிட்டு வண்டியை எடுத்தார்.

நாலே நாளில் அவள் தேறிவிட்டாள். இஞ்சின் சத்தத்தை வைத்தே கையை ஏற்றி இறக்குவாள். "கியரை மாத்துங்க, திணறுது பாருங்க," என்று அவருக்கே சொல்ல ஆரம்பித்தாள். யாராவது தீப்பெட்டியைத் தொட்டால் திரும்பாமலே, "யோவ், பீடியை உள்ள வை!" என்பாள். ஆசிரமத்துப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் வண்டியை நிறுத்தச் சொல்லி, பாட்டிலையும் கஸ்தூரியையும் போட்டோ எடுத்துக்கொண்டு, இரண்டுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

சவாரி கம்மியாகும் என்று பயந்தாரே தருமன், ஜாஸ்தியானது. முன்சீட்டில் ஒரு பொம்பளை இருக்கிறாள் என்று தெரிந்ததும் ஊர்ப் பெண்களெல்லாம் துணிந்து ஏறினார்கள். கீழ்பென்னாத்தூர் சந்தை, செங்கம், ஒருநாள் சாத்தனூர் அணை வரைக்கும் போனார்கள். அணையில் சவாரிக்காரர்கள் சுற்றிப்பார்க்கப் போனபிறகு கஸ்தூரி தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இத்தினி வருஷமா நீங்க இங்கெல்லாமா வந்துக்கினு இருந்தீங்க?"

"சவாரிக்குத்தான்."

"சொல்லவேயில்லையே," என்றாள் கஸ்தூரி. கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் தருமனுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் தோளுக்கு அவரே நல்லெண்ணெய் தேய்த்துவிட்டார். கை மரத்துப்போயிருந்தது. அவருக்குக் கண் கலங்கியது. ராணி மாதிரி வச்சுக்கறேன் என்று மாமனாரிடம் சொல்லிக் கட்டிக்கொண்டு வந்தவளைப் பாட்டில் தூக்கவைத்துவிட்டோமே! வளைகாப்புக்குள் பம்பைக் கண்டுபிடித்து இந்தப் பாட்டிலை உடைக்காவிட்டால் தான் மனுஷனே இல்லை என்று தீர்மானித்துக்கொண்டார்.

"சடையனைப் போய்ப் பாத்துட்டு வர்றேன்."

"கடை பூட்டியிருக்கும். பொண்டாட்டி பிரசவத்துக்கு ஆரணியில மாமியார் வீட்டுக்குப் போயிட்டாரு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தண்ணி எடுக்கப் போனா ஆயிரம் தெரியும்," என்றாள் கஸ்தூரி.

சரி, மெட்ராஸுக்கே நேரில் போவோம் என்று தருமன் கிளம்பினார். புதுப்பேட்டையில் இல்லாத சாமான் இல்லை என்பார்கள். பழைய பம்பைக் காட்டினால் அதேபோல் எடுத்துக் கொடுப்பார்கள்.

"கஸ்தூரி, பரண்மேல வச்ச பழைய பம்பு எங்க?"

"அதுவா? இரும்புக்காரன் வந்தான். போட்டுட்டேன்."

"போட்டுட்டியா!"

"பேரீச்சம்பழம் குடுத்தான். நேத்து நீங்கதான் நல்லாருக்கு நல்லாருக்குன்னு எட்டு தின்னீங்க."

தருமன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அளவுக்கு வைத்திருந்த ஒரே சாமானும் உள்ளே போய்விட்டது. வேறு வழியில்லாமல் ஞாபகத்திலிருந்து அதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் படமாக வரைந்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். புதுப்பேட்டையில் அந்தப் படத்தைப் பார்த்த ஒருவர் இது கூஜாவா என்று கேட்டார். இன்னொருவர் கேள்வியே கேட்காமல் ஒரு சாமானை எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து சக்கரவர்த்தியிடம் காட்டினால், அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது கெணத்து மோட்டாருதுண்ணா. தண்ணி எறைக்கறது."

"விடுங்க," என்றாள் கஸ்தூரி. "பொறுமையாத் தேடுங்க. எனக்கொண்ணும் கை வலிக்கலை."

என்ன பெருந்தன்மை! தருமனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனி பத்தாம் தேதி வந்தது, பம்பு வரவில்லை. சீர்த்தட்டு, வளையல், ஏழு வகைச் சோறு, உறவுக்காரப் பெண்கள் நாலு பேர் எல்லாம் பின்னால் ஏற, கஸ்தூரி பாட்டிலோடு முன்னால் ஏறினாள். ஏறும்போது அவள் மஞ்சப்பையை வாங்கிக் காலடியில் வைத்த தருமனுக்குக் கை இழுத்தது.

"இன்னா வச்சிருக்க இதுல? அம்மிக்கல்லா?"

"வெத்தலைப்பொட்டி. தெனம் கொண்டாரதுதானே? அதை ஏன் நோண்டறீங்க, ரோட்டைப் பாருங்க."

காட்டுவழி மேட்டில் கஸ்தூரி எழுந்து நின்றே பாட்டிலைப் பிடித்தாள். ஜீப் ஏறியது. சம்பந்தி வீட்டு வாசலில் போய் நின்றபோது ஊரே கூடிவிட்டது. தருமன் தலையைக் குனிந்துகொண்டார். திரௌபதி வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து பாட்டிலைப் பார்த்தாள், டியூபைப் பார்த்தாள்.

"இன்னா சம்பந்தி, வண்டிக்குக் காய்ச்சலா?"

எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் அவளே கஸ்தூரியின் கையைப் பிடித்து இறக்கினாள். "பொண்ணுக்காக இத்தினி தூரம் கையைத் தூக்கிக்கினே வந்தியா தாயி? கூட்டிக்கினு போ. உன்னைவிட யாரு நல்லாப் பாத்துக்கப் போறாங்க?"

வளையல் அடுக்கி முடித்ததும் வேதா அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"அம்மா இவ்ளோ சந்தோஷமா இருந்து நான் பாத்ததேயில்லப்பா. வந்ததுலேர்ந்து டேம் கதையே சொல்லிக்கினு இருக்குது."

திரும்பி வரும்போது வேதா பின்னால் தலையணைகளுக்கு நடுவே தூங்கிவிட்டாள். தருமன் மெதுவாக ஓட்டினார். செங்கம் தாண்டி, தூரத்தில் மலை தெரிந்தது.

"கஸ்தூரி."

"ம்."

"பம்பு கெடைச்சாலும் நீ இங்கியே உக்காரு. இது உன் சீட்டு."

பாட்டில் ஆடியது. இஞ்சின் ஒரு தரம் விக்கியது.

"நெசமாவா?"

"அண்ணாமலையார் மேல சத்தியமா."

"சவாரி வராதுன்னீங்களே?"

"எவனோ மடையன் சொன்னான். பன்னெண்டு வருஷம் கேட்டுக்கினு இருந்த நான் அவனைவிட மடையன். எனக்குப் பக்கத்துல நீ இருக்கணும், அவ்ளோதான்."

கஸ்தூரி பாட்டிலை மறுகைக்கு மாற்றினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு காலடியில் இருந்த மஞ்சப்பையைப் பார்த்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

சொல்வதற்குள் கிரிவலப் பாதை பிரிகிற இடம் வந்துவிட்டது. அங்கே கடையைத் திறந்துவைத்துக்கொண்டு நின்ற சடையன், ஜீப்பைப் பார்த்ததும் கையை ஆட்டிக்கொண்டு நடுரோட்டுக்கே ஓடிவந்தான். கையில் கற்கண்டுப் பொட்டலம்.

"பொண்ணு பொறந்திருக்குண்ணா! நேத்துதான் ஆரணியிலேர்ந்து வந்தேன். எடுத்துக்குங்க, அண்ணி நீங்களும்..."

கற்கண்டை நீட்டிய கை பாதியில் நின்றது. சடையன் பாட்டிலைப் பார்த்தான், டியூபைப் பார்த்தான், பிறகு கஸ்தூரியின் முகத்தைப் பார்த்தான்.

"ஏன் அண்ணி, ஊருக்குப் போற அன்னிக்கே உங்க கையில குடுத்துட்டுப் போனேனே, அந்தப் பம்பு இதுக்குச் சேரலையா?"