ஆட்டுப் புத்தகத்தைச் சேதப்படுத்தியதாக வந்த நோட்டீஸுக்குப் பதில்

நம் ஊர் நூலகமான வாயனசாலையின் தலைவரும் என் உடன்பிறந்த தம்பியுமான பொங்கியண்ணனுக்கு,

அக்கா பெரியம்மாள் எழுதிக்கொள்வது. உன் வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்பது எனக்குத் தெரியும். உங்கள் மிக்ஸி ஓடுவது என் சமையலறையில் கேட்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு நீ எனக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பியதால், நானும் முறைப்படி தபாலிலேயே பதில் அனுப்புகிறேன். நோட்டீஸைக் கொண்டுவந்த தபால்காரர் இரண்டு வீட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மா, மதில் மேல எட்டிக் குடுத்திருந்தா ஆகாதுங்களா?" என்று கேட்டார். ஆகாது என்று சொன்னேன். ஒரு குடும்பத்தின் கௌரவம் என்று இருக்கிறது.

குழந்தைகள் பிரிவுப் புத்தகம் ஒன்றை நான் பேனாவால் கிறுக்கிச் சேதப்படுத்தினேனாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் குழுவின் முன்னால் மன்னிப்புக் கேட்காவிட்டால் என் உறுப்பினர் அட்டை ரத்தாகுமாம். 'கிறுக்கி' என்ற சொல்லை எழுதியது யார்? கோயமுத்தூர் கான்வென்ட்டில் என் நோட்டை மற்ற வகுப்புகளுக்குக் கொண்டுபோய், கையெழுத்து என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சிஸ்டர் காட்டுவார். நீ உன் பள்ளிக்கூட நாட்களில் பல்பம் தின்றுகொண்டிருந்தாய்.

நடந்ததை உன் மகன் நவீன்குமார் உன்னிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பான். சிரிக்காமல் நான் சொல்கிறேன். வலது கண்ணில் புரை எடுத்த பிறகு கொஞ்ச நாளைக்குப் பொடி எழுத்து படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் மச்சான் போன பிறகு வீட்டில் திருத்த ஆள் இல்லாமல் நான் செய்தித்தாளைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறேன்; அதுவும் போயிற்று. வாயனசாலையில் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் ஜிபினிடம் பெரிய எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். "பெரிய எழுத்து வேணுமெங்கில் அவிடெ நோக்கணம் அம்மே" என்று ஒரு மூலையைக் காட்டினான். இத்தனை வருஷமாக அங்கே போகிறேன், அப்படியொரு அலமாரி இருப்பதே எனக்குத் தெரியாது. முழங்கால் உயரத்தில் வைத்திருக்கிறார்கள். குனிந்தால் இடுப்பு பிடிக்கிறது, குனியாவிட்டால் வெறும் பலகைதான் தெரிகிறது. முதல் புத்தகத்தில் ஒரு யானை தும்மியது. கடைசிப் பக்கம் வரை தும்மியது. இதற்கு எழுத ஒருவர், வரைய ஒருவர். அதே யானை நம் தென்னந்தோப்பில் இறங்கினால் என்ன ஆகும் என்று ஒரு வரி கிடையாது. இரண்டாவதில் ஒரு பூசணிக்காய் பள்ளிக்கூடம் போகிறது. வாத்தியார் அதற்கு ஆஜர் போடுகிறார். நம் பிள்ளைகள் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்பது அங்கே நின்றபோதே எனக்கு விளங்கிவிட்டது. அட்டையில் வெள்ளாடு போட்டிருந்த மூன்றாவதை மட்டும், சற்று கௌரவமாகத் தெரிந்ததால், வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

மதியம் சாப்பிட்டுவிட்டுத் திறந்தால் எழுத்தே தெரியவில்லை. இடது கண்ணை மூடிப் பார்த்தேன், வலது கண்ணை மூடிப் பார்த்தேன், சொட்டு மருந்து விட்டுப் பார்த்தேன், வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஆடு தெரிகிறது, ஆட்டின் தாடி தெரிகிறது, எழுத்து மட்டும் இல்லை. படம் தெரிந்து எழுத்து தெரியாமல் போவது ஒரு நோயாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து உன் மகனைக் கூப்பிட்டேன். காரில் கேரள எல்லையான வேலந்தாவளம் தாண்டுவதற்குள், எனக்குப் பிறகு கிணற்று மோட்டார் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பது வரை அவனிடம் சொல்லி முடித்துவிட்டேன். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சுவரில் மாட்டியிருந்த பலகையைக் கடைசி வரி வரைக்கும் படித்தேன். "அதெல்லாம் தெரியுதுங்க டாக்டர், இதுதான் தெரியலீங்க" என்று புத்தகத்தை நீட்டினேன். அவர் புரட்டினார். திரும்பவும் முதலிலிருந்து புரட்டினார். நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு மிகவும் தணிந்த குரலில், "அம்மா, இதுல எழுத்தே இல்லீங்களே" என்றார். வெளியே காத்திருந்தவர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். ஒரு கண்ணைக் கட்டியிருந்தவர்கள் மறு கண்ணால் எட்டிப் பார்த்தார்கள். உன் மகன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். வளர்ப்பு!

எழுத்தில்லாமல் ஒருவர் புத்தகம் போடுவாரா? திரும்பி வரும் வழியில்தான் எனக்குப் பிடிபட்டது. கான்வென்ட்டில் படம் ஒன்றைக் கொடுத்து, பார்த்து ஐந்து வாக்கியம் எழுதச் சொல்வார்கள். வெற்றிடம் விட்டால் முட்டி போட வேண்டும். இதுவும் அந்தப் பயிற்சிதான், இதுவரை எடுத்துப் போன சோம்பேறிகள் ஒருவரும் எழுதாமலே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒவ்வொரு படத்தின் கீழும் அடிக்கோடு போட்டு ஐந்து வாக்கியம் எழுதினேன். 'மூதாட்டி ஒருவர் உறங்குகிறார். கதவு திறந்திருக்கிறது. ஆடு ஒன்று அனுமதியின்றி நுழைகிறது. அது பாயை மேய்கிறது. இது கண்டிக்கத்தக்கது.' இதில் எங்கே இருக்கிறது சேதம்? கதைக்கு நீதி வேண்டுமே என்று கடைசியில், 'ஆகவே கதவைத் தாழிட்டு உறங்குக' என்று முடித்தேன். அதன் கீழ் ஆங்கிலத்திலும் எழுதினேன். மலையாளத்தில் எழுதவில்லை என்பது உன் குழுவின் இரண்டாவது குற்றச்சாட்டு. எனக்கு மலையாளம் பேச வரும், சண்டை போட வரும், எழுத வராது. முதலில் எழுதியதே குற்றம் என்கிறீர்கள், பிறகு ஏன் இன்னும் எழுதவில்லை என்கிறீர்கள். படித்தவர்கள் யாராவது குழுவில் இருக்கிறார்களா?

புகார் கொடுத்தவர் பெயர் நோட்டீஸில் இல்லை. ஜிபினைக் கேட்டேன், தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைக் காட்டினான். பெயர் கிருத்திகா, வயது ஐந்து, முன்பல் கிடையாது, படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாத ஒருவர் நான் எழுதியது தப்பு என்று புகார் சொல்ல, அதை உன் குழு ஏகமனதாக ஏற்றிருக்கிறது! நான் எழுதியதை அவளுடைய அம்மா செல்வப்பிரியா படித்துக் காட்டினாளாம், பெண் உருண்டு புரண்டு அழுதாளாம்.

"இது கதை இல்லீங்காத்தா" என்றாள் என்னிடம்.

"பின்னே எது கதை?"

"அது ஆட்டோட ஊடுங்க. அந்தாத்தாதான் சொல்லாமக் கொள்ளாம வந்து படுத்துக்கிட்டாங்க."

"ஆட்டுக்கு ஏது வீடு?"

"செவுத்துல போட்டோ பாருங்க."

பார்த்தேன். படத்தில் இருந்த சுவரில் மாலை போட்ட போட்டோ ஒன்று மாட்டியிருந்தது. அதற்குள் கொம்பும் தாடியுமாக ஒரு கிடா.

"அது ஆட்டோட அப்பாருங்க" என்றாள். "செத்துப்போயிட்டாருங்க."

செல்வப்பிரியா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஓவியரின் கவனக்குறைவு என்றேன். "உங்க கண்ணுக்கு இன்னும் மருந்து ஊத்தோணுமுங்க" என்றாள் அந்த வாதி. ஜிபின் சமாதானத்துக்கு வந்து, மலையாளப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும் ஒரே புத்தகம் இதுதான் என்றான். எழுத்தில்லாவிட்டால் இரண்டு பாஷைக்காரரும் சண்டையில்லாமல் இருக்கலாம் என்றால், உன் குழுவின் நோட்டீஸ்களையும் இனிமேல் படமாகவே வரைந்து அனுப்பு. எழுத்துப் பிழையாவது குறையும்.

என் முடிவு இது. மன்னிப்புக் கேட்க மாட்டேன். அட்டையை இத்துடன் இணைத்திருக்கிறேன். தாராளமாக ரத்து செய். அந்த மூலை அலமாரியை மூடிவிட்டு, உருப்படியான இலக்கணப் புத்தகங்களை வாங்கிப் போடு. தலைவரான நாளிலிருந்து நீ அங்கே ஒரு புத்தகமாவது எடுத்ததுண்டா? சாயங்காலத்தில் அக்கா இனி எங்கே போவாள் என்று நீ கவலைப்பட வேண்டாம். எனக்கு வீடு இருக்கிறது, வீடு நிறைய நாற்காலிகள் இருக்கின்றன, எதில் வேண்டுமானாலும் உட்காரலாம், எழுந்திருக்கச் சொல்ல ஒருவரும் இல்லை.

நீயும் உன் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல், புத்தி மட்டும் இன்னும் கொஞ்சம் கூடி, தழைத்திருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் அக்கா,
பெரியம்மாள்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் கிருத்திகா அந்தப் புத்தகத்தோடு இங்கே வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் என் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அந்த மூதாட்டி எதற்காக ஆட்டின் வீட்டுக்குப் போக வேண்டும் என்று குறுக்கு விசாரணை செய்தேன். "அவங்க ஊட்ல பேச ஆளில்லீங்காத்தா. அதானுங்க ஆடு ஒண்ணுஞ் சொல்லாம உட்டுருச்சு" என்றாள். இந்த வாக்கியத்தில் திருத்த எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. நான் எழுதியதன் மேல் எல்லாம் இருவருமாக வெள்ளைத் தாள் ஒட்டிவிட்டோம். மன்னிப்பும் கேட்டுவிட்டேன், குழுவிடம் அல்ல, அவளிடம். "செரி, உடுங்க" என்றாள். ஆகவே அட்டையை இணைக்கவில்லை. மேலே எழுதியதில் உன் புத்தியைப் பற்றியது தவிர மற்றதை அடித்துவிடு. எழுத்தில்லாத இன்னொரு புத்தகம் வந்திருக்கிறதாம், கழுதை ஒன்று பஸ் ஓட்டுகிறதாம். அதை அவள் எனக்கு முன்னாலேயே ஜிபினிடம் சொல்லி வைத்துவிட்டாள். நீ தலையிட்டு அது முதலில் என் கைக்கு வரும்படி செய். ஐந்து வயதுப் பெண்ணை முந்தி அக்காவுக்கு ஒரு புத்தகம் வாங்கித் தர முடியவில்லை என்றால் நீ என்ன தலைவர்?