குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்பவர்

மனிதர்களில் ஆலோசனைக் குழு உறுப்பினர் என்று ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். குடும்பங்களுக்கு உதவ ஊரில் ஒரு மையம் திறந்தால், குடும்பங்கள் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே இவர் வந்து உட்கார்ந்துவிடுவார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் தண்ணீர் பாட்டில், முகத்தில் ஊர்க் கவலை மொத்தமும். சம்பளம் கிடையாது. அதனால் யாரும் ஏன் என்று கேட்கவும் முடியாது.

"ஒரு சின்ன விஷயம்" என்றுதான் ஆரம்பிப்பார். மையத்தின் பெயர்ப்பலகையில் சிரித்துக்கொண்டு நிற்கும் குடும்பத்தில் அப்பா ஏன் ஓரமாக நிற்கிறார், பிள்ளை ஏன் ஒன்றே ஒன்று, நாய்க்குட்டி குடும்பத்தில் சேர்த்தியா இல்லையா, சேர்த்தால் பூனை வளர்ப்பவர்கள் மனம் புண்படாதா என்று அந்த ஒரு படத்தை வைத்தே ஒரு வருஷத்தை ஓட்டியவர் இவர். முடிவு? பலகையில் இப்போது வெறும் வீடு இருக்கிறது. ஆட்களைக் காணோம்.

இவருக்கென்று குடும்பம் இல்லையா என்று கேட்பீர்கள். பேஷாக இருக்கிறது. மகள் போன் செய்வாள்.

"அப்பா, டாக்டர்கிட்ட போகணும். கொஞ்ச நேரம் குழந்தையைப் பாத்துக்கறீங்களா?"

"இன்னிக்கா? குழந்தை வளர்ப்பு பத்தி மீட்டிங் இருக்கேம்மா!"

மீட்டிங் எப்போதும் வேலைநாளில், காலை பதினோரு மணிக்கு. "பெத்தவங்க யாருமே ஆர்வம் காட்ட மாட்டேங்கறாங்க" என்று ஒவ்வொரு முறையும் உச்சுக் கொட்டுவார். அந்த நேரத்தில் அவர்கள் பிழைப்பைப் பார்க்கப் போயிருப்பார்கள் என்பது மட்டும் உறைக்காது. ஆனாலும் மரியாதைக்குக் குறைவில்லை. மேஜையோரம் ஒரு நாற்காலியில் 'குடும்பப் பிரதிநிதி' என்று அட்டை ஒட்டி, அதில் யாரும் உட்கார்ந்துவிடாமல் கண்ணும் கருத்துமாகக் காவல் காப்பார்.

போன மாதம் ஒரு பெண் நிஜமாகவே வந்துவிட்டாள். லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். நின்று நின்று வீங்கிய கால். காலியாகத் தெரிந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நம்மவர் பதறிப்போனார். "அம்மா, அம்மா, எழுந்திருங்க! அது குடும்பங்களுக்கு ஒதுக்கின இடம்!"

எழுந்தாள். நின்றபடியே சொன்னாள்: "ஸ்கூல் விட்டதும் என் பொண்ணு இங்கதான் வர்றா. அஞ்சு மணிக்கு மையத்தைப் பூட்டிடறீங்க சார். எனக்கு வேலை ஆறு மணிக்குத்தான் முடியுது. நான் வர்ற வரைக்கும் வெளிய வாசப்படியில தனியா உக்காந்திருக்கா. ஆறரை வரைக்கும் திறந்து வைங்க. வேற ஒண்ணும் வேணாம்."

இதைவிடத் தெளிவாக ஒருத்தி என்னதான் சொல்ல வேண்டும்?

சாவி வைத்திருக்கும் மையத்துப் பணியாளர் அம்மா உடனே, "நான் இருக்கேன் சார். என் வீடு பக்கத்துலதான்" என்றார்.

"அவசரப்படாதீங்கம்மா. எதுக்கும் ஒரு முறை இருக்கில்ல?" என்று அவரை அமர்த்திவிட்டு, நம்மவர் அந்தத் தாயைப் பார்த்துக் கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். 'தனியா' என்ற வார்த்தை தன்னை உலுக்கிவிட்டதாகச் சொன்னார். பிறகு சாயங்காலம் என்பது எப்போது தொடங்குகிறது, வாசப்படியில் உட்காருவதால் பிள்ளைகளுக்குத் தைரியம் வளருமா குறையுமா, மற்ற ஊர்களில் பிள்ளைகள் எந்தப் படியில் உட்காருகிறார்கள் என்று அக்குவேறு ஆணிவேறாக அலசி, இரண்டாவது டீயும் குடித்து, ஏகமனதாக ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

வாசப்படிக்கு மேல் கூரை போடுவது.

என்ன நிறக் கூரை என்பது அடுத்த மீட்டிங்கில். அவள் வேலைக்குத் திரும்பிப் போனாள். கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உங்களுக்கும் வருகிறதா? நல்லது. ஆனால் உண்மையைச் சொல்லுங்கள். கூரை என்றதும், 'அதுவும் வேண்டியதுதானே, மழைக்கு ஆகுமே' என்று ஒரு நொடி நினைத்தீர்களா? பச்சையா நீலமா என்றுகூட லேசாக ஓடியதா? அப்படியானால் கவலையே வேண்டாம், உங்களையும் குழுவில் சேர்த்துக்கொள்வார்கள். நன்றாக யோசித்து, நிதானமாகவே போய்ச் சேருங்கள். அந்தப் பிள்ளை எங்கே போய்விடப் போகிறது?