அப்பா டெலிகேட் பண்ணிய சனிக்கிழமை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குற்றம் என்னுடையதல்ல. நான் ஒரேயொரு ஆங்கிலச் சொல்லுக்கு விளக்கம் சொன்னேன். அவ்வளவுதான். சட்டம் படிக்கிற பெண் ஒருத்தி, கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொன்னது குற்றமென்றால், ஸ்டுட்கார்ட்டில் இருக்கிற அகராதிகள் அத்தனையையும் பிடித்து உள்ளே போடுங்கள்.

என் அப்பா தவராசா வேலை செய்யும் கிடங்குக்குப் புது மேலாளர் வந்திருக்கிறார். அவருக்கு ஜெர்மன் வராது. ஆங்கிலம்தான். திங்கட்கிழமை அவரோடு அப்பாவுக்கு நேர்முகம். தேறினால் பன்னிரண்டு பேருக்குத் தலைவர். அப்பா ஜெர்மனில் சண்டையே பிடிப்பார். ஆங்கிலம் என்றால் மட்டும் தொண்டையில் மீன்முள் சிக்கினது போல முழிப்பார்.

"பிள்ளை, தலைவருக்கு வேண்டிய சொல் ஒண்டு சொல்லு. ஒண்டு காணும்."

"டெலிகேட்."

"மருந்தின்ர பேர் மாதிரிக் கிடக்கு."

"உங்கட வேலையை இன்னொராளிட்ட ஒப்படைக்கிறது, அப்பா."

அப்பாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இப்படி ஒரு சொல் உலகத்தில் இருக்க, இருபத்தேழு வருடமாய் நானே பெட்டி தூக்கினேனே என்ற துக்கமும் கூடவே வந்தது.

அன்று சனிக்கிழமை. எங்கள் கதவில் கேர்வொக்கெப் பலகை தொங்கியது. ஸ்டுட்கார்ட்காரருக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்கு: மாடிக் குடியிருப்பில் அந்தப் பலகை யார் கதவில் தொங்குகிறதோ, அந்த வாரம் அவர்கள்தான் பொதுப் படிக்கட்டைக் கூட்டித் துடைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது அப்பாவின் வேலை. அம்மா முதியோர் இல்லத்தில் நாள் முழுக்கக் காலில் நின்றுவிட்டு வந்து சமைக்கிறா. ஆகவே படிக்கட்டு அப்பாவுக்கு. பதினாறு வயதில் மூன்று நாள் வாதாடி நான் வாங்கிய தீர்ப்பு!

ஆனால் அன்றைக்கு இரண்டு மணிக்கு நவரத்தினம் அண்ணை வீட்டில் முந்நூற்றிநாலு போட்டி. இருவர் இருவராய்ச் சோடி சேர்ந்து ஆடும் சீட்டாட்டம். நவரத்தினம் அண்ணைக்கு அப்பாதான் சோடி. ஒரு மாதமாய் அப்பா குளியலறைக்குள்ளும் துரும்புச் சீட்டுச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார்.

சமையலறை வாசலில் போய் நெஞ்சை நிமிர்த்தினார்.

"இஞ்சேரும் இராஜேஸ், கேர்வொக்கெயை உமக்கு டெலிகேட் பண்ணுறன்."

அம்மா திரும்பினா. கையில் கத்தரிக்காய் வெட்டிய கத்தி. நான் நடுவில் பாய்ந்தேன். அப்பாவைக் காப்பாற்ற அல்ல, வாதாட.

"அப்பா, இது அநியாயம்! அம்மா என்ன உங்கட கிடங்கில வேலை செய்யிற ஆளோ?"

"நீ நில்லு பிள்ளை," என்றா அம்மா. "அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து? வடிவாச் சொல்லு."

கேட்டால் சொல்லாமல் இருக்க எனக்கு ஏலாது. பிறவிக் குணம்.

"வேலையைக் குடுக்கிறது."

"வேலையை மட்டுமோ?"

"இல்லை. அதிகாரத்தையும் சேர்த்துத்தான் குடுக்க வேணும்."

"அப்ப எப்பிடிச் செய்யிறது, எவ்வளவு செய்யிறது எல்லாம் என்ர விருப்பம்?"

"ஓம்."

"பிழை வந்தா?"

"பொறுப்பு குடுத்தவரிட்டத்தான் இருக்கும். அதை மட்டும் ஆருக்கும் குடுக்க ஏலாது."

"கேட்டீரோ இராஜேஸ்? பொறுப்பு முழுக்க என்ர தலையில. உமக்கு ஒரு கரைச்சலும் இல்லை!" அப்பா வள்ளல்போலக் கையை விரித்தார்.

"நல்லது," என்றா அம்மா.

அம்மா கத்தினால் பயமில்லை. "நல்லது" என்றால்தான் பயம். அப்பாவுக்கு அது இன்னும் பிடிபடவில்லை.

அம்மா தும்புத்தடியோடு போனா. நாலு நிமிடத்தில் வந்தா.

"முடிஞ்சுது."

"மூண்டு மாடியுமோ?" என்றார் அப்பா.

"எனக்குப் போதும் எண்டு பட்ட அளவு. கீழ்வீட்டு பிராவ் ஹேபர்லேயிட்டயும் சொல்லிப்போட்டன், பொறுப்பு ஹெர் தவராசா எண்டு."

பிராவ் ஹேபர்லேக்கு எழுபத்தெட்டு வயது. அவவின் ஆள்காட்டி விரலைக் கண்டால் தூசு தானாக எழும்பி நின்று பெயர் சொல்லும்.

ஒன்றே முக்காலுக்குக் கதவு மணி அடித்தது. அப்பா சென்ட் பூசி, ஒரு காலில் சப்பாத்தும் போட்டுவிட்டார். கதவைத் திறந்தால் அந்த விரல். நுனி கறுப்பு.

"ஹெர் தவராசா, இதுவா கூட்டின படி?"

அப்பா நல்ல ஜெர்மனில், தான் கூட்டவில்லை, மனைவியிடம் ஒப்படைத்ததாக விளக்கினார்.

"அப்படியானால் பொறுப்பு யார்?"

அப்பா என்னைப் பார்த்தார். என்னைத் தோளில் தூக்கித் திரிந்த காலமெல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது. ஆனால் கேள்வி கேள்விதானே!

"அவர்தான்," என்றேன்.

அப்பா சப்பாத்தைக் கழற்றினார். முதலில் மூன்று மாடிப் படிகள். பிறகு கைபிடி. பிறகு நிலவறை. பிராவ் ஹேபர்லே அங்கே ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, விரலாலேயே வேலை வாங்கினா.

இரண்டேகாலுக்கு, மேசையில் கிடந்த அப்பாவின் கைபேசி அலறியது. அம்மா எடுத்தா.

"ஓம், நவரத்தினம் அண்ணை... இல்லை, அவர் வர ஏலாது. பொறுப்பான வேலையில நிக்கிறார்... சோடி இல்லாம நிக்கிறீங்களோ? அதுக்கென்ன அண்ணை, நான் வாறன்."

நான் வாயைப் பிளந்தேன். "அம்மா, உங்களுக்கு முந்நூற்றிநாலு தெரியுமோ?"

"கலியாணம் கட்டின நாளில இருந்து தேத்தண்ணி குடுத்துக் குடுத்து, நாலு பேரின்ர சீட்டையும் பாத்தவள் நான்."

அப்பாவுக்குப் பொரித்து வைத்த ரோல்ஸ் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டா.

ஏழு மணிக்கு வந்தா. வென்றுவிட்டாவாம். மூன்று ஆட்டமும். அப்பா இடுப்பில் தைலம் பூசிக்கொண்டு சோபாவில் குப்புறக் கிடந்தார். என் நீதியுணர்ச்சி அந்த நேரம் பார்த்துக் கட்சி மாறியது.

"அம்மா, இது டெலிகேட்டே இல்லை! அப்பா உங்களுக்குப் படிக்கட்டைத்தான் தந்தவர், சீட்டாட்டத்தை இல்லை. இன்னொராளின்ர இடத்தைப் பிடிக்கிறதுக்கு வேற சொல் இருக்கு. டேக்ஓவர்!"

அம்மா ஆற அமரக் கோட்டைக் கழற்றி மாட்டினா.

"அதுவும் நல்ல சொல்லாக் கிடக்கு. கொப்பாவுக்குச் சொல்லிக்குடு பிள்ளை. அடுத்த சனி இறுதி ஆட்டத்துக்கும் என்னைத்தான் வரட்டாம். அவர் வீட்டில சும்மாதானே இருப்பார்."